குந்தா: வேட்டைக்காகக் காக்கப்பட்ட மலை

நீலகிரியில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த புத்தகங்களைப் புரட்டினால், ஓர் ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வரும். ஊட்டியைச் சுற்றிய புல்மேடுகளில் நரியைத் துரத்தலாம், முதுமலைப் பக்கம் இறங்கினால் காட்டெருமையும் புலியும் கிடைக்கும். ஆனால் நல்ல கொம்புள்ள கடமானும், பாறை விளிம்பில் நிற்கும் கிழட்டு வரையாடும் வேண்டுமென்றால் குந்தாவுக்குத்தான் போகவேண்டும் என்பது அந்தக் காலத்து வேட்டைக்காரர்களின் ஒருமித்த கருத்து. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, ஏறக்குறைய நூறாண்டுக்கு மேல், இந்தப் புகழ் குறையவில்லை. அந்தப் புகழோடு சேர்ந்து ஒரு வாதமும் நிலைத்துவிட்டது. குந்தாவின் விலங்குகள் இன்று உயிரோடு இருப்பதற்கு வேட்டைக்காரர்களே காரணம். அவர்கள் சங்கம் வைத்து, சட்டம் கேட்டு வாங்கி, தங்களையே கட்டுப்படுத்திக்கொண்டதால்தான் வரையாடு பிழைத்தது என்பது அந்த வாதம். இதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான். வேட்டைக்காரர்கள் காத்தது விலங்கை. அது நின்ற தரையை அவர்களுடைய சட்டம் தொடவேயில்லை. குந்தா இழந்ததெல்லாம் அந்தத் தரையில்தான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். நீலகிரிப் பீடபூமியின் மேற்கு ஓரம் முழுவதும் குந்தா மலைத்தொடர். இன்று மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டம் இதன் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தொடரின் மேற்குப் பக்கம் செங்குத்தாக அறுந்து, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நோக்கி விழுகிறது. கோலாரிபெட்டா 2,600 மீட்டருக்கு மேல், முக்கூர்த்தி 2,554 மீட்டர். தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து வந்து முதலில் மோதும் சுவர் இது. ஜூன் தொடங்கி நான்கு மாதம் காற்றும் மழையும் மூடுபனியுமாக மனிதன் நிற்க முடியாத இடம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாடே செய்தியாகப் படித்தது. காப்பித் தோட்டக்காரர்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளையே தேடிப் போனதற்கும், குந்தாவின் உச்சிப் பகுதி நெடுங்காலம் உழவுக்கும் தோட்டத்துக்கும் தப்பி நின்றதற்கும் இந்த மழை ஒரு முக்கியக் காரணம். மேடுகளில் புல், மடிப்புகளில் சோலை, தாழ்வுகளில் சேறு. கடமான் பகலில் சோலைக்குள் படுத்து, விடியலிலும் அந்தியிலும் புல்லுக்கு வெளியே வரும். எதிர்மேட்டில் தூரதரிசினியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட வசதியான அமைப்பு வேறு கிடையாது.

வரையாட்டின் கதை வேறு. அது மேற்கு விளிம்புப் பாறைகளை ஒட்டியே மேயும். ஆபத்து கீழிருந்துதான் வரும் என்பது அதன் பழக்கம். கூட்டத்தில் ஒரு பெட்டையாவது உயரமான கல்லில் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்ட வேட்டைக்காரர்கள் மேலிருந்து இறங்கினார்கள். முதுகில் வெளிறிய திட்டு விழுந்த, கரும்பழுப்பு நிறக் கிழட்டுக் கிடா ஒன்றுதான் அவர்கள் தேடியது. 'சேடில்பேக்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். குறி பார்ப்பது பாதி வேலைதான். சுட்ட இடத்தில் விலங்கு நிற்காமல் விளிம்பைத் தாண்டிவிட்டால் பல நூறு அடிக்குக் கீழே போய் விழும்; கொம்பும் கிடைக்காது, தோலும் கிடைக்காது. மூடுபனி ஏறிவிட்டால் சுடுகிறவனே விளிம்பைத் தாண்டிவிடக்கூடும். இந்தச் சிரமம்தான் குந்தாவுக்கு மதிப்பைக் கொடுத்தது. சுலபமாகக் கிடைக்கும் விலங்கில் அந்த வகுப்பாருக்குப் பெருமை இல்லை.

இயற்கையே குந்தாவை வேட்டைநிலமாக வைத்திருந்தது, வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். புத்தகங்களும் அப்படித்தான் எழுதின. ஆனால் விலங்கு இருப்பதால் மட்டும் ஒரு காடு வேட்டைநிலம் ஆகிவிடாது. அங்கே போய்ச் சேர வழியும், இரவு தங்கக் கூரையும், சுமை தூக்க ஆளும், விடுமுறை எடுக்கும் அதிகாரிகளும் வேண்டும். குந்தாவுக்கு இவை நான்கும் ஒவ்வொன்றாக வந்தன. 1830களின் தொடக்கத்தில், ஆளுநர் லஷிங்டன் காலத்தில், ஊட்டியிலிருந்து குந்தாவைக் கடந்து சிஸ்பாரா வழியாக மலபார்க் கரைக்கு இறங்கும் பாதை வெட்டப்பட்டது. கோழிக்கோட்டிலிருந்து மலைக்கு ஏறுவதற்கென்று போட்ட பாதை அது. வழியில் அவலாஞ்சியிலும் சிஸ்பாராவிலும் தங்கும் பங்களாக்கள் எழுந்தன. பயணிகளுக்குக் கடினமாகவும் கடத்தல்காரர்களுக்கு வசதியாகவும் இருந்த அந்தப் பாதை பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் பாதைக்காகப் பிறந்த தங்குமிடங்கள் வேட்டைக்காரனின் கூடாரமாக மாறிவிட்டன. 1850களில் வெலிங்டனில் படைவீடு வந்தது. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஒரு மாகாணத்தின் அதிகார வர்க்கம் முழுவதும் ஆண்டில் பாதி நாள் மலைமேல் உட்கார்ந்திருந்தால், ஒரு நாள் பயணத்தில் இருக்கும் காடு அவர்களுடைய விளையாட்டுத்திடலாவதில் வியப்பில்லை.

இது ஆளில்லாத காடும் அல்ல. படகர்கள் தங்கள் நாட்டை நான்கு சீமைகளாகப் பிரித்தபோது குந்தையும் ஒரு சீமை; தோட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே அதற்கு ஊர்களும் ஊர்க்கூட்டமும் இருந்தன. மேல்மேடுகளில் தொதவர்கள் எருமை மேய்த்தார்கள். மழைக்காலத்தில் ஒரு மந்து (குடியிருப்பு), வறண்ட காலத்தில் இன்னொரு மந்து என்று அவர்களுடைய ஆண்டு நகர்ந்தது. செத்தவர்கள் போய்ச் சேரும் உலகம் மேற்கே குந்தாவுக்கு அப்பால் இருப்பதாக அவர்கள் நம்பியதை, 1906இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியலாளர் ரிவர்ஸ் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். தொதவர்கள் பொதுவாக வேட்டையாடாதவர்கள், இறைச்சி உண்ணாதவர்கள். எருமை மேய்ந்த இடத்தில் கடமான் மேய்வதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. வறண்ட மாதங்களில் பழம்புல்லுக்குத் தீ வைப்பார்கள். கரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லுக்கு எருமையும் வரும், மானும் வரும். வேட்டைக்காரன் கண்ட குந்தா, மழையும் பாறையும் மட்டும் அமைத்ததன்று; ஒரு மேய்ச்சல் சமூகம் பல நூற்றாண்டு கையாண்ட நிலம். இந்த விவரம் வேட்டைப் புத்தகங்களில் அரிதாகவே வருகிறது. தொதவர் அங்கே பெரும்பாலும் தாடி வைத்த ஓர் அழகான காட்சி, அவ்வளவே.

துப்பாக்கிகள் பெருகியதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1860களிலும் 70களிலும் எழுதியவர்கள் ஒரே குறையைப் பாடுகிறார்கள். முன்பு ஊட்டிக்குப் பக்கத்திலேயே கிடைத்த விலங்கு இப்போது இல்லை; படைவீட்டுச் சிப்பாயும் தோட்டத்துத் துரையும் பெட்டை என்றும் குட்டி என்றும் பாராமல் சுடுகிறார்கள்; கூலிக்குச் சுடும் சிக்காரிகள் இறைச்சியைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். 'ஹாக் ஐ' என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சர்ட் ஹாமில்டன் இவர்களில் முக்கியமானவர். பத்திரிகைக்கு அவர் எழுதியவை 1876இல் புத்தகமாக வந்தன. வேட்டைக்குச் சட்டம் வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தியவர் அவர். 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் பிறந்தது. இரண்டே ஆண்டில், 1879இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாவட்டத்துக்கென்றே தனிச்சட்டம். ஆறே ஆண்டுக்கு முன், 1873இல், காட்டு யானைகளைக் காக்க இதே மாகாணம் சட்டம் போட்டிருந்தது. ஆனால் யானை அரசுக்குப் பயன்படும் பொருள். விளையாட்டுக்காகக் கொல்லும் விலங்கைக் காக்க இவ்வளவு சீக்கிரம் சட்டம் கிடைத்தது கோரியவர்களின் செல்வாக்கைக் காட்டுகிறது. கோருகிறவரும் சட்டமியற்றுகிறவரும் ஊட்டியில் ஒரே கிளப்பில் மாலைப் பொழுதைக் கழித்தவர்கள்.

சட்டத்தின் உள்ளடக்கம் எளிது. ஆண்டில் ஒரு பகுதியைத் தடைக்காலமாக அறிவிக்கலாம்; அந்தக் காலத்தில் பட்டியலில் உள்ள விலங்கையும் பறவையையும் கொல்லவோ பிடிக்கவோ விற்கவோ கூடாது. மற்றக் காலத்தில் உரிமச்சீட்டு வேண்டும். காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை ஆகியவை பட்டியலில் இடம்பெற்றன. வரையாட்டின் பெட்டையையும் கடமானின் பெட்டையையும் சுடுவது விலக்கப்பட்டது. சங்கம் காவலர்களை வைத்துக்கொண்டது, எத்தனை விலங்கு சுடப்பட்டது என்று கணக்கெழுதியது, வேட்டைப் பாதைகளையும் குடில்களையும் பராமரித்தது. 1930களில் சங்கத்தின் நீண்டகாலப் பொறுப்பாளர்களில் ஒருவரான மேஜர் பைத்தியன்-ஆடம்ஸ், அதன் அறுபதாண்டு வரலாற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். அன்றைய இந்தியாவில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்த வேட்டை அமைப்புகள் மிகச் சிலவே.

வேட்டைக்காரர்களின் வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். வரையாடு எண்ணிக்கையில் சிறிய, பரவலில் குறுகிய விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஒரு மலைத்தொடரில் பெட்டைகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டால், இன்னொரு தொடரிலிருந்து நடந்து வந்து நிரப்பிக்கொள்ள அதனால் முடியாது. 1870களின் வேகத்திலேயே சுடப்பட்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது குந்தாவில் வரையாடு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பெட்டையைத் தொடாதே என்ற ஒரே விதி அந்த இனத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. 1911இல் நீலகிரி வேட்டையைப் பற்றி எழுதிய பிளெட்சர் போன்றவர்கள் சங்கத்தைப் புகழ்ந்தது வெறும் சொந்த வகுப்பின் பெருமைப்பேச்சு அல்ல. காலனிய ஆட்சி எது செய்தாலும் கேடு என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த விவரம் உறுத்தும், உறுத்தட்டும்.

ஆனால் பட்டியலை இன்னொரு தடவை பார்க்கவேண்டும். அதில் இருப்பவை எல்லாம் சுடத் தகுந்தவை. சுடத் தகுந்தவற்றைத் தின்பவை பட்டியலுக்கு வெளியே. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றைக் கொன்றவருக்கு அரசு வெகுமதி கொடுத்தது; செந்நாய்க்குச் சங்கமும் தன் பங்குக்குப் பணம் கொடுத்தது. செந்நாய்க் கூட்டம் ஒரு சோலையிலிருந்து கடமானைக் கிளப்பி ஓடைக்கு ஓட்டி வீழ்த்துவதை வேட்டை நூல்கள் ஏதோ கொள்ளைச் சம்பவத்தைப்போல விவரிக்கும். அதே சோலைக்குள் ஸ்பானியல் நாய்களையும் காட்டைக் கலைக்கும் ஆட்களையும் விட்டு, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வுட்காக் பறவையைக் கிளப்பிச் சுடுவது நாகரிகமான பொழுதுபோக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஈரம் கசியும் சின்னச்சின்னச் சோலைகளில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும் அந்த நீண்ட மூக்குப் பறவைக்காக உயர் அதிகாரிகள் நாள்முழுக்க நடந்தார்கள். காட்டுக்கோழியை உணவுக்காகச் சுட்டார்கள். அதன் சேவலின் கழுத்தில் அரக்குப் பொட்டு வைத்தாற்போல மினுங்கும் இறகு, பிரிட்டனில் சால்மன் மீனுக்குத் தூண்டில் ஈ கட்டப் போயிற்று. சோலையின் குறிஞ்சி வகைகள் பல ஆண்டுக்கு ஒருமுறை பூத்து விதை கொட்டும்போது காட்டுக்கோழி திரளாகக் கூடும். அந்த ஆண்டுகளை வேட்டைக்காரர்கள் ஆவலோடு நினைவில் வைத்திருந்தார்கள்.

எது வேட்டை, எது திருட்டு என்ற கோடும் இதே கணக்கில்தான் விழுந்தது. துப்பாக்கியோடு உரிமச்சீட்டு எடுத்துப் போனவன் வேட்டைக்காரன். வலையும் கண்ணியும் நாயுமாகப் போனவன் திருடன். உள்ளூர்க்காரர்கள் பெட்டையையும் குட்டியையும் விட்டுவைக்கவில்லை, சந்தைக்காகக் கொன்றார்கள் என்று சங்கம் சொன்னது. சிலர் அப்படிச் செய்திருக்கவும் கூடும். ஆனால் இறைச்சிச் சந்தை யாருக்காக இருந்தது? குந்தைச் சீமையின் ஊர்கள் மான்கறிக்காக ஊட்டிச் சந்தைக்குப் போனதில்லை. மலைவாசத்தலம் வளர்ந்ததால்தான் கறிக்கு விலை வந்தது, சிக்காரித் தொழிலும் வந்தது. துரைக்கு வழிகாட்டிய அதே ஆள், துரை இல்லாத நாளில் தனக்காகச் சுட்டபோது குற்றவாளி ஆனான். 1882இன் சென்னை வனச்சட்டம் வந்து, காடுகள் ஒதுக்குக் காடுகளாக வகுக்கப்பட்ட பிறகு, மேய்ச்சலும் தீ வைப்பும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. தொதவர் தீ வைப்பது குற்றமாயிற்று. வேட்டைக்காரர்களில் விவரம் தெரிந்த சிலருக்கு, எரிந்த புல்லில்தான் விலங்கு கூடும் என்று தெரிந்திருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

தரையைப் பொறுத்தவரை, வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணுக்குச் சோலை காடு; புல்மேடு வெறும் வெளி. மரமில்லாத இடமெல்லாம் மரம் வைக்கவேண்டிய இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் 1830, 40களிலேயே நீலகிரிக்கு வந்துவிட்டன. ஊட்டியின் அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் சோலைகளை வெட்டித் தீர்த்ததால், 1860கள் முதல் விறகுக்காகக் கற்பூரத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. அந்தக் கட்டத்தில் குந்தாவின் உட்பகுதி பெரும்பாலும் தப்பியது. விடுதலைக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய துவர்ப்பட்டையைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்வதற்குப் பதில் இங்கேயே வளர்ப்பது தேசியக் கொள்கை ஆனது. கருஞ்சீகை, குந்தாவின் புல்மேடுகளில் வரிசை வரிசையாக ஏறியது. சிறுமுகையில் எழுந்த செயற்கை இழை ஆலைக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது. அதற்கும் இதே மேடுகள். கூடவே குந்தா நீர்மின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு 1950களின் பிற்பாதியில் தொடங்கி, 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று அணைக்கு மேல் அணை எழுந்தது. தமிழ்நாட்டின் ஆலைகளுக்கும் வயல் பம்புகளுக்கும் அந்த மின்சாரம் கொடுத்த உயிரை யாரும் குறைத்துப் பேசமுடியாது. ஆனால் நீரில் மூழ்கியவை கடமான் அந்தியில் மேயவரும் பள்ளத்தாக்குகளும், தொதவர் எருமை மேய்த்த சேற்றுநிலங்களும். கூடவே சாலைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன; நூறாண்டாகக் கால்நடையாக மட்டும் போக முடிந்த மூலைகளுக்கு லாரி போயிற்று.

புல்மேடு வெறும் வெளி என்ற எண்ணம் பிழை என்பதற்கு இப்போது மறுக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. நீலகிரியின் சேற்றுநிலங்களில் படிந்த கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்து, ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுக்கடுக்கான கரிமண்ணில் புல்லின் தடமும் மரத்தின் தடமும் தனித்தனியாகத் தெரியும். பல்லாயிரம் ஆண்டுகளாக, காலநிலைக்கேற்ப இரண்டும் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. மனிதன் காட்டை அழித்ததால் உண்டான புல் அல்ல அது. வரையாடு அந்தப் புல்லின் விலங்கு. மரநிழலில் அதற்கு மேய்ச்சல் இல்லை, மறைவில் அதற்குப் பாதுகாப்பும் இல்லை. திறந்த வெளியில் தூரத்தைப் பார்த்தே பிழைக்கும் பிராணி. அதன் மேட்டில் சீகை நட்டால், ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் அதை ஒழித்துவிடலாம்.

சங்கம் இதை ஏன் தடுக்கவில்லை என்றால், நிலத்தின்மேல் அதற்கு அதிகாரமே இல்லை. அது கேட்டதும் விலங்கின்மேலான அதிகாரத்தைத்தான். மீன் விஷயத்தில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. 1879 சட்டத்தின் பெயரிலேயே மீன் இருக்கிறது. காக்க நினைத்தது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பழக்கிய மீனை. டிரவுட் மீனைக் குடியேற்றும் முயற்சிகள் 1860களிலிருந்தே நடந்தன. வில்சன் என்ற மீன்வள அதிகாரியின் உழைப்பால் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைந்த பிறகே அது நிலைத்தது. குந்தாவின் ஓடைகளில் முன்பிருந்த சின்ன உயிர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துப்பாக்கிக்கு மான், தூண்டிலுக்கு டிரவுட், விறகுக்குக் கற்பூரம், தோலுக்குச் சீகை என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் உயிரை வைத்த மலை அது. அந்த மனப்பான்மையில் வேட்டைக்காரருக்கும் வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். வேட்டைக்காரர்களின் பணத்தாலேயே ஓர் இனத்தை மீட்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் காட்டு வான்கோழி சான்றாகக் காட்டப்படுகிறது. வெள்ளையர் குடியேற்றத்தோடு சுடப்பட்டு, காடும் அழிக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அது அடியோடு மறைந்துவிட்டது. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரி விலங்குகளை மீட்கும் வேலைக்கே ஒதுக்கப்பட்டது. எஞ்சிய கூட்டங்களிலிருந்து பறவைகளை வலைவீசிப் பிடித்து வேறு மாநிலங்களில் விட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை அறுபது லட்சத்தைத் தாண்டியது. இன்று வேட்டைக்கு எந்த மாநிலம் சிறந்தது என்று அங்கே விவாதிக்கிறார்கள். நீலகிரியில் மட்டும் அதே முறை ஏன் பாதி வெற்றி என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

வான்கோழி மீண்டதற்கு வரிப்பணம் மட்டும் காரணம் அல்ல. கிழக்கு மாநிலங்களில் கைவிடப்பட்ட வயல்களில் காடு மீண்டும் வளர்ந்திருந்தது. பறவையைக் கொண்டுபோய் விட்டபோது அதற்கு இடம் காத்திருந்தது. குந்தாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்: விலங்கு காப்பாற்றப்பட்டது, இடம் பறிபோனது. இன்னொன்று, வான்கோழி எதையும் தின்று எங்கும் வாழும். ஓக் கொட்டையும் பூச்சியும் கிடைத்தால் ஊர் ஓரத்திலும் பெருகும். வரையாடு அப்படி அல்ல. அதற்குப் பாறையும் புல்லும் ஒட்டியிருக்கவேண்டும். மூன்றாவதாக, அமெரிக்க வேட்டைக்காரர்கள் லட்சக்கணக்கான வாக்காளர்கள். அவர்கள் கட்டிய வரியில் நிலம் வாங்கவும் முடிந்தது. நீலகிரிச் சங்கத்து உறுப்பினர்கள் சில நூறு பேர். 1947க்குப் பிறகு அவர்களுடைய சொல் சென்னையில் எடுபடவில்லை. பொதுமக்களுக்கு இடமில்லாமல் ஒரு சிறிய வட்டம் தனக்கென்று காத்த காட்டுக்கு, அந்த வட்டம் வலுவிழந்தபோது பரிந்துபேச ஆள் இல்லாமல் போனது. குந்தையின் ஊர்களையும் மந்துகளையும் அறுபது எழுபது ஆண்டுகளாகத் திருடர்கள், தீ வைப்பவர்கள் என்று ஒதுக்கிவைத்ததன் விலை அது.

சீகை நட்டது சுதந்திர இந்தியாவின் வனத்துறை, அணை கட்டியது மின்வாரியம். அதற்கு வேட்டைக்காரனைக் குறைசொல்வது நியாயமா என்றும் கேட்கலாம். குறைசொல்வது என் நோக்கம் அல்ல. அவர்கள் காத்ததன் எல்லை எது என்று கணக்கிடுவதுதான். அவர்களுடைய சட்டத்தில் புல்லுக்கும் ஓர் இடம் இருந்திருந்தால், மரம் நட வந்தவர்களை எதிர்க்க ஒரு முன்னுதாரணமாவது இருந்திருக்கும். சங்கம் தானும் மாறியது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. வேட்டை என்ற சொல்லை உதறி, இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. குன்னூர் வழக்கறிஞரான இ.ஆர்.சி. டேவிதார் அந்த மாற்றத்தின் முகம். 1960களில் நீலகிரியில் வரையாட்டைக் கணக்கெடுத்தவர், 1975 வாக்கில் மலைமலையாக நடந்து அதன் பரவல் முழுவதையும் ஆராய்ந்தார். உலகில் மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சமே இருப்பதாகக் கணித்தார். அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 7ஐத் தமிழ்நாடு அரசு இப்போது வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 1982இல் முக்கூர்த்தி சரணாலயமானது. 1990இல் 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் தேசியப் பூங்காவானது. பழைய வேட்டைக்காரர்களின் விருப்பமான மேற்கு விளிம்பு கிட்டத்தட்ட முழுவதும் இதற்குள் அடங்கும்.

2024இல் நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மட்டும் 1,031 வரையாடுகள். அடுத்த ஆண்டு 1,303. முக்கூர்த்தி இன்னும் அதன் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. எண்ணிக்கையைப் பார்த்து மகிழலாம். ஆனால் எண்ணுவது 1879இன் மரபு. அதை நாம் எப்போதும் நன்றாகவே செய்துவருகிறோம். சிரமம் சீகையில்தான். நட்டதோடு அது நிற்கவில்லை. தோப்பின் ஓரத்திலிருந்து புல்மேட்டுக்குத் தானாகவே ஏறிக்கொண்டிருக்கிறது. கூடவே ஐரோப்பியரின் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்காட்ச் புரூம் மஞ்சள் பூவோடு பரவுகிறது. அயல்மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியது. 2022இல் அரசு இதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. மரத்தை வெட்டுவது எளிது. மண்ணில் கிடக்கும் சீகை விதை பல பத்தாண்டுகளுக்கு முளைக்கும் திறனை இழப்பதில்லை. மேல்மூடி போனதும் வெயில் பட்டு, வெட்டிய இடத்திலேயே நாற்றங்கால்போல எழும். ஒவ்வோர் ஆண்டும் பிடுங்கவேண்டும், பிடுங்கிய இடத்தில் புல்லை ஊன்றவேண்டும், எந்தச் சரிவில் எந்தப் புல் என்று தெரியவேண்டும். இந்த அறிவு மந்துகளில் இருக்கிறது. எருமைப்பால் சடங்குகள் நடக்கும் பால்கோயிலின் கூரைக்குத் தொதவர்கள் பயன்படுத்தும் புல் சேற்றுநிலத்தில் மட்டுமே வளரும். இந்த மலைகளுக்கே உரிய அந்தப் புல்லைத் தேடி இப்போது மந்திலிருந்து வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. சீகை அகற்றும் திட்டங்களுக்கு அவர்களைக் கூலியாட்களாக மட்டும் அழைப்பதா, எங்கே எதை ஊன்றுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் உட்காரவைப்பதா என்பது குந்தாவில் இன்னும் தீராத கேள்வி.